கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண், சர்ச்சுக்காரர்களின் கர்ப்ப ஆதரவு மையத்துக்குப் போகலாமா?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, என் அண்ணன் மகளுக்கு 19 வயது. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மூன்றாவது மாதமும் நாள் தள்ளிப்போய்விட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பையன் தேசிய சேவையில் இருக்கிறான், இப்போது ஃபோனை எடுப்பதில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுடைய சீனத் தோழி, சர்ச்சுக்காரர்கள் நடத்தும் ஒரு தொண்டூழிய மையத்தைச் சொல்கிறாள். நாங்கள் சாமி கும்பிடும் குடும்பம். அங்கே போனால் மதம் மாற்றிவிடுவார்களா? கலைக்கவே விடமாட்டார்களா? அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்களா?"

போகலாம். ஆனால் முதலில் போகவேண்டிய இடம் மையம் இல்லை, டாக்டர்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். மகப்பேற்றுப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடம் இதே மாதிரி ஒரு கிறிஸ்தவ மையத்தில் தொண்டூழியம் செய்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று என் சம்பந்தியம்மா இன்றுவரை கேட்கிறார். தமிழ் பேசத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது, எனக்குக் கையில் நேரம் இருந்தது. அவ்வளவுதான். அதனால் அந்த மையங்களின் நல்லதும் எனக்குத் தெரியும், என்னைச் சண்டை போட வைத்ததும் தெரியும்.

முதலில் நாள் கணக்கு. கர்ப்ப வாரத்தைக் கணவனோடு சேர்ந்த நாளிலிருந்தோ காதலனைச் சந்தித்த நாளிலிருந்தோ எண்ணுவதில்லை, கடைசியாக மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். முதல் தடவை நாள் தள்ளும்போதே நான்கு வாரம் ஓடியிருக்கும். இரண்டாவது தள்ளும்போது எட்டு, மூன்றாவதுக்குப் பன்னிரண்டு. ஆக உங்கள் பிள்ளை இன்றைக்குக் குறைந்தது 12 வாரம், தாமதமாகச் சொன்னாள் என்றால் 14 கூட இருக்கலாம். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு இந்தக் கணக்கே தவறிப்போகும். ஸ்கேன் பார்த்தால்தான் சரியான வாரம் தெரியும். பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்கோ ஒரு பெண் டாக்டரிடமோ இந்த வாரமே கூட்டிப் போங்கள். கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து, அதையும் ஸ்கேன்தான் காட்டும்.

இந்த வாரக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், சிங்கப்பூரில் கருக்கலைப்புக்கு எல்லை 24 வாரம். அதைத் தாண்டினால், தாயின் உயிரைக் காப்பாற்றவோ அவள் உடலுக்கும் மனத்துக்கும் நேரும் நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ மட்டும்தான் செய்வார்கள். 24 வாரம் என்றால் நிறைய நாள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் முறை எளிதாக இருப்பது முதல் சில வாரங்களில்தான். 16 வாரத்துக்கு மேல் அதற்கென்று தனித் தகுதி உள்ள மருத்துவர்தான் செய்யவேண்டும். நாள் ஏற ஏற உடலுக்கும் மனத்துக்கும் செலவுக்கும் சுமை கூடும். ஒருவேளை அவள் பெற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தாலும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இந்த வாரங்களில்தான் செய்தாகவேண்டும். எந்த வழியில் போனாலும் டாக்டரைப் பார்ப்பது வீண் இல்லை.

இங்கே சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1974ஆம் ஆண்டின் கர்ப்ப முடிவுச் சட்டம். அதில் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை நான்கைந்து விஷயங்கள்தான். பெண்ணே கேட்கவேண்டும், பெண்ணே எழுத்தில் சம்மதம் தரவேண்டும். பெற்றோர் கையெழுத்து தேவை என்று சட்டம் சொல்லவில்லை. செய்வதற்கு முன் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் பேசியாகவேண்டும். முன்பு இது சிலருக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது, 2015 முதல் எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம். பேசி முடித்து 48 மணி நேரம் கழித்துத்தான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து. இந்த ஆலோசனையைக் கருக்கலைப்பு செய்ய அனுமதி பெற்ற மருத்துவமனையோ கிளினிக்கோ ஏற்பாடு செய்யும். சர்ச்சு மையத்தில் பேசியதை இதன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. அங்கே மூன்று வாரம் பேசிவிட்டு, "ஆலோசனைதான் முடிந்துவிட்டதே" என்று மருத்துவமனைக்கு வந்து திகைத்து நின்ற பெண்ணை நானே பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் யாருக்கும் தெரியாத ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மிரட்டியோ வற்புறுத்தியோ ஒரு பெண்ணைக் கருக்கலைக்க வைப்பது குற்றம். "நாளைக்கே கூட்டிட்டுப் போய் முடிச்சிடு, வெளியே தெரியக்கூடாது" என்று உங்கள் அண்ணன் குதித்தால், இதை அவருக்கு நினைவூட்டலாம்.

சரி, இப்போது மையத்துக்கு வருவோம். பெயரைக் கேட்டதும் ஏதோ ஆசிரமம் மாதிரி நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு சின்ன அலுவலகம், ஒரு தொலைபேசி எண், சம்பளத்துக்கு இருக்கும் ஒன்றிரண்டு சமூகப் பணியாளர்கள், மற்றவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இல்லத்தரசி, முன்பு இதே நிலையில் நின்ற ஒரு பெண். இங்கே கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபேமிலி லைஃப் சொசைட்டி இந்தப் பணியை நெடுங்காலம் செய்துவந்திருக்கிறது. லேக்சைட் ஃபேமிலி சர்வீசஸின் சேஃப் பிளேஸ் என்ற பிரிவும் ஆதரவில்லாமல் கர்ப்பமாக நிற்கும் பெண்களுக்காகவே இருக்கிறது.

உதவி என்றால் என்ன உதவி? ஆறு வருடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். கேகே மருத்துவமனையில் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே புருஷனோடு வந்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் என் கையை விடவே இல்லை. பாலிடெக்னிக்கில் படிப்பை நிறுத்திவைக்க ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாடகைக்கு இருந்த அறையை விட்டுத் துரத்தப்பட்டவளுக்கு, மையத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தது. நான்கு அறை வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள், இவள் ஆறாவது. பழைய தொட்டில், டயப்பர், பால்மாவு எல்லாம் யாரோ கொண்டுவந்து வைப்பார்கள், யாருக்கு வேண்டுமோ எடுத்துப்போவார்கள்.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வந்த சீன அக்கா ஒருவர் பிளாஸ்க் நிறைய சிவப்புப் பேரீச்சைத் தண்ணீரும் இஞ்சியும் வினிகரும் போட்டு வேகவைத்த பன்றிக்காலும் கொண்டுவந்தார். அன்பாகத்தான் கொண்டுவந்தார். இந்தப் பெண்ணோ மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிரவு எனக்கு ஃபோன்: "ஆன்ட்டி, பூண்டுக் குழம்பு கிடைக்குமா?" மறுநாள் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தேக்காவில் வாங்கிய பிரசவ லேகியமும் கொண்டு போனேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா இதுல கொஞ்சம் வெல்லம் போடுவாங்க" என்று அழுதாள். அதற்குப் பிறகு நான் மையத்தில் எல்லாரிடமும் சொன்ன ஒரே விஷயம், தமிழ்ப் பெண் வந்தால் சாப்பாட்டை என்னிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான். இன்னொரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பே செய்தோம். கண்ணாடி வளையல் நான் வாங்கிப் போனேன், ஐந்து வகைச் சாதத்தை ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள், கையில் வளையல் போட்டவர்களில் பாதிப்பேர் சீனர்கள், ஒருவர் பிலிப்பீன்ஸ்காரர். சந்தனம் எங்கே பூசுவது என்று தெரியாமல் ஒருவர் மூக்கில் பூசிவிட்டார்.

இனி மதமாற்றம். மறைக்காமல் சொல்கிறேன். தொண்டூழியர்கள் பெரும்பாலும் விசுவாசிகள். "உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் நல்ல மையத்தில் அத்தோடு விட்டுவிடுவார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் பால்மாவு என்று யாராவது சொன்னால் அது உதவி இல்லை, வியாபாரம். எழுந்து வந்துவிடுங்கள். என் மையத்தில் அப்படி நடந்ததில்லை. ஆனால் கொஞ்சம் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. சொந்த வீடு கைவிட்ட நேரத்தில் சோறு போட்டவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்களோ, அந்தச் சாமி மேல் பெண்ணுக்கு ஒரு ஈடுபாடு தானாகவே வரும். யாரும் இழுக்கவேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு பெண்கள் அப்படிச் சர்ச்சுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டார் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "எட்டு மாதம் அவள் எங்கே சாப்பிட்டாள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பயமாக இருந்தால் நீங்களும் கூடவே போங்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யாருக்கும் அநாதையாகத் தெரியமாட்டாள்.

கலைக்க விடமாட்டார்களா என்ற கேள்விக்கு: தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் வழியும் காட்டமாட்டார்கள். கருக்கலைப்புக்கு எந்த மருத்துவமனை என்று கேட்டால், பெரும்பாலான சர்ச்சு மையங்கள் சொல்லாது. அது அவர்கள் நம்பிக்கை. டாக்டருக்கும் தாதிக்கும்கூட மனச்சாட்சி இடம்தராவிட்டால் இதில் பங்கெடுக்காமல் விலகச் சட்டமே இடம் கொடுக்கிறது, தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு என்றால் மட்டும் விலக முடியாது. நான் குறை சொல்வது வேறொன்றை. நம்பிக்கையை மருத்துவம் மாதிரி பேசுவதை.

ஒருநாள் ஒரு தொண்டூழியர், பத்து வாரக் கர்ப்பத்தோடு வந்த பெண்ணிடம், "ஒருதடவை கலைத்தால் அப்புறம் பிள்ளையே தங்காது, மார்பகப் புற்றும் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன். முப்பது வருடம் தாதியாக இருந்தவளுக்கு அது காதில் விழுந்தும் சும்மா இருக்க முடியுமா? முறையான மருத்துவமனையில், ஆரம்ப வாரங்களில், சிக்கல் இல்லாமல் நடந்த கருக்கலைப்பால் பின்னால் பிள்ளை பிறக்காமல் போவதில்லை. புற்றுநோய்க் கதையையும் 2004இலேயே பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். 16 நாடுகளில் நடந்த 53 ஆய்வுகளை, மார்பகப் புற்று வந்த 83,000 பெண்களின் விவரங்களோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, தொடர்பு இல்லை என்று சொன்னார்கள். அன்று நடந்த சண்டையில் நானே மையத்தை விட்டுப் போகவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பொறுப்பாளர் என் பக்கம் நின்றார், அந்தத் தொண்டூழியரைப் பயிற்சிக்குத் திருப்பி அனுப்பினார். எல்லாப் பொறுப்பாளரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். "அஞ்சு நிமிஷ வேலை, அடுத்த நாள் மறந்துடும்" என்று சொல்பவர்களும் பொய்தான் சொல்கிறார்கள். சிலருக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கும். சிலர் அந்தத் தேதியை வருடா வருடம் நினைத்து அழுவார்கள். ஒரே பெண்ணே இரண்டையும் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே முதல் ஃபோனிலேயே நீங்களே கேட்டுவிடுங்கள். "இவள் கருக்கலைப்பு என்று முடிவெடுத்தால் அதற்குப் பிறகும் இவளோடு பேசுவீர்களா? எங்கள் விவரத்தை யாருக்குச் சொல்வீர்கள்? உங்களிடம் சமூகப் பணியாளர் இருக்கிறாரா, தொண்டூழியர் மட்டும்தானா?" சுற்றி வளைக்காமல் பதில் சொன்னால் போகலாம். "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று நழுவினால் எனக்குச் சந்தேகம் வரும். "இன்னும் இரண்டு வாரம் யோசியுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளினாலும் அப்படியே. யோசிக்கலாம், ஆனால் காலண்டர் உங்கள் கையில் இருக்கட்டும்.

மதம் சாராத இடமே வேண்டும் என்றால் பேப்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. 21 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு என்றே நடத்துகிறார்கள், உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும். அவேர் அமைப்பின் பெண்கள் உதவி எண்ணும் உண்டு. தமிழில் பேச வேண்டும் என்றால் பீட்டி ரோட்டில், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையம். "சிண்டாவில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களே" என்பீர்கள். அந்தப் பயத்தினால்தான் நம் பிள்ளைகள் சீனத் தோழி சொன்ன சர்ச்சுக்குப் போகிறார்கள். வேறு பேட்டையில் உள்ள குடும்ப சேவை நிலையத்துக்கும் ஃபோன் செய்து கேட்கலாம், தப்பில்லை.

அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்களா என்று கேட்டீர்கள். 19 வயதுப் பெண்ணின் விஷயத்தை அவள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். கருக்கலைப்பு விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்கிறது. 16 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு. அந்த வயதுப் பெண்ணோடு உறவு கொள்வதே குற்றம் என்பதால் போலீசுக்குத் தகவல் போகலாம். உங்கள் பிள்ளைக்கு அது இல்லை. ஆனால் அவள் விருப்பம் இல்லாமல் நடந்ததா என்று நீங்கள் ஒருமுறை தனியாக, மெதுவாகக் கேளுங்கள். "பையன் ஃபோனை எடுப்பதில்லை" என்ற வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

பெற்றுக்கொள்வதென்று அவள் சொன்னால் பணத்தைப் பற்றிய பேச்சு வரும். திருமணமாகாத தாய்க்கு எதுவுமே கிடையாது என்பது பழைய கதை. 2017 தொடக்கத்திலிருந்து, வேலையில் இருந்தால், பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால், அவர்களுக்கும் 16 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. பிள்ளையின் பெயரில் மேம்பாட்டுக் கணக்கும் திறக்கலாம், 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த பிள்ளை என்றால் அரசாங்கம் அதில் 5,000 வெள்ளி போடும். கையில் ரொக்கமாகத் தரும் குழந்தை போனஸ் மட்டும் இல்லை. இது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அப்பா அம்மா தாலி கட்டினார்களா என்று தெரியுமா என்ன? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு வாங்குவதிலும் மணமான தம்பதிக்கு இருக்கிற வசதி இல்லை. பையன் மறைந்துகொண்டாலும் பொறுப்பு மறையாது. மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் பராமரிப்புச் செலவு தரவேண்டும் என்று மாதர் சாசனம் சொல்கிறது, நீதிமன்றத்தில் கேட்கலாம். பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள். இருவரும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். பெயருக்குப் பின்னால் இன்னாரின் மகள், மகன் என்று "டி ஓ", "எஸ் ஓ" போட முடியாதே என்று ஒரு பெண் என்னிடம் விம்மினாள். அது நம் வழக்கம்தான், போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வளர்க்க முடியாது, கலைக்கவும் மனமில்லை என்றால் தத்து. 2024 அக்டோபரில் புதிய தத்தெடுப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. இதை நீதிமன்றம் வழியாகத்தான் செய்யவேண்டும். "ஜோகூரில் நமக்குத் தெரிந்த பிள்ளையில்லாத தம்பதி, கொஞ்சம் பணமும் தருவார்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள், பிள்ளைக்குப் பணம் வாங்குவது சட்டத்துக்கு முரண். அவளுக்குச் சிறிது காலம் மூச்சுவிட இடம் வேண்டும் என்றால் வளர்ப்புக் குடும்பத் திட்டம் இருக்கிறது, 1956 முதல் நடக்கிறது. பிள்ளை சில காலம் அங்கே வளரும், தாய் தாயாகவே இருப்பாள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் புளோக்கில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பணிப்பெண் யாராவது இதே நிலையில் இருந்தால், மேலே எழுதியதில் பாதி அவளுக்குப் பொருந்தாது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவள் இங்கே கர்ப்பமானால் பெரும்பாலும் வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருப்பதால் மறைக்கவும் முடியாது. அந்தப் பயத்தில்தான் யாரோ தரும் மாத்திரையை அறைக்குள் தனியாக விழுங்கி ரத்தம் கொட்டி வருகிறார்கள். வேலை அனுமதி உள்ள பெண்ணும் சட்டப்படி மருத்துவமனைக்குப் போகலாம் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். ஹோம் என்ற அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இருக்கிறது.

அண்ணனிடம் சொல்வது பற்றி. பல வீடுகளில் அந்த அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை வைத்துக்கொண்டு முதல் தடவை சொல்லாதீர்கள். முதலில் அண்ணியிடம், பகலில், நீங்கள் மட்டும் போய்ச் சொல்லுங்கள். அன்றிரவு பிள்ளை உங்கள் வீட்டில் படுக்கட்டும். அப்பாக்கள் முதல் நாள் பேசுவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. "செத்துப் போன்னு சொல்லிடு" என்று கத்திய ஒரு அப்பா, மூன்றாம் மாதம் கேகே வாசலில் இடியாப்பப் பொட்டலத்தோடு நின்றார். உள்ளே வரவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்படி மனம் இளகாத அப்பாக்களும் உண்டு. அதற்காகத்தான் முதல் இரவுக்கு உங்கள் வீடு.

அவள் "செத்துவிடலாம் போல இருக்கு" என்று வாயால் சொன்னால் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளை பிறந்தபின் இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால், தூக்கமும் பசியும் போய்விட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லவேண்டும். பத்தியச் சாப்பாட்டில் சரியாகிற விஷயம் இல்லை அது.

டாக்டரிடம் போகும்போது அவளுடைய அடையாள அட்டை (ஐசி), கடைசி மாதவிடாய்த் தேதி எழுதிய துண்டுச்சீட்டு, இதற்குமுன் ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் அட்டை, மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அவளிடம் தனியாகப் பேசவேண்டும் என்றால் கோபித்துக்கொள்ளாமல் வெளியே உட்காருங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். இந்த வாரங்களில் காலையில் குமட்டும், கையில் கொஞ்சம் உப்பு பிஸ்கட் இருக்கட்டும்.